பாலைவனப் பள்ளிவாசலில் கிடைத்த கிதாபு

நமது அறக்கட்டளையின் வருடாந்திரக் குடும்பச் சந்திப்பில் செயலாளர் ஆற்றிய உரை



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, முன்வரிசையில் பிஸ்கட் பொட்டலத்தோடு போராடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்குகளைப் பொருளாளர் வாசித்துவிட்டார். வழக்கமாக இதற்குப் பிறகு நாம் எழுந்து சந்தா பாக்கியைப் பற்றிப் பேசுவோம். நீங்களும் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். இந்த முறை பாக்கிக்காரர்களுக்கு விடுமுறை. ஆஸ்திரேலியா போய் வந்ததைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகள் கேட்கட்டும் என்று நிர்வாகக் குழுவில் சொன்னார்கள். கங்காரு கதையை எதிர்பார்த்து வந்த பிள்ளைகள் மன்னிக்க வேண்டும். கங்காருவை நிறையவே பார்த்தோம். ஆனால் சொல்ல வந்தது ஒட்டகத்தைப் பற்றி. அதைவிட, ஒரு கிதாபைப் பற்றி.

எங்கள் மகள் குடும்பம் அடிலெய்டு நகரில் இருப்பது உங்களுக்குத் தெரியும். சென்ற ஆண்டு ஜூலையில், அங்கே குளிர்காலப் பள்ளி விடுமுறை, நாங்கள் இருவரும் போயிருந்தோம். பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு எட்டு. பேரனின் வகுப்பில் "இந்த நாட்டில் என் குடும்பத்தின் வரலாறு" என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவன் நான்கு வரி எழுதியிருந்தான். நான்காவது வரி: "எங்களுக்கு முன்பு இங்கே முஸ்லிம்கள் யாரும் இல்லை." மருமகன் அதைப் படித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவே வரைபடத்தை விரித்துவிட்டார்.

ஒன்பது நாள் பயணம். வாகனத்தின் மேல் கூடாரங்கள், பின்னால் தண்ணீர்க் கேன்கள், கேஸ் அடுப்பு, அடிலெய்டு ஹலால் கடையில் வாங்கிய இறைச்சி நிரம்பிய ஐஸ் பெட்டி. "வீடு இருக்கும்போது எதுக்கு மாப்பிள்ளை கூடாரம்?" என்று எங்கள் வீட்டு அம்மா கேட்டார். "மாமி, நாம பார்க்கப் போறவங்க எல்லாரும் கூடாரத்துலதான் இருந்தாங்க" என்றார் மருமகன்.

ஆஸ்திரேலியாவின் உள்பகுதி பெரும்பாலும் வறண்ட நிலம். அதை அங்கே அவுட்பேக் என்கிறார்கள். பல நூறு கிலோமீட்டருக்கு வீடு கிடையாது. நடுவில் ஒரு சிற்றூர் வரும். அந்தச் சிற்றூரில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு ஹோட்டல், கட்டாயம் ஒரு அருங்காட்சியகம். பழைய ரயில் நிலையம், தந்தி நிலையம், சிறைக்கூடம், எது மிஞ்சியிருக்கிறதோ அதையே அருங்காட்சியகமாக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சம்பளமில்லாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எழுபது வயதுக்காரர் ஒரு துருப்பிடித்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுகிறார். நம் ஊரில் அந்த ஆணியை எடைக்குப் போட்டிருப்போம்.

புறப்படும் முன் அடிலெய்டு பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதோம். லிட்டில் கில்பர்ட் தெரு என்ற சந்தில் இருக்கிறது. 1888, 1889இல் கட்டியது. நான்கு மினாராக்கள் 1903இல் சேர்த்தவை. அந்த நாட்டு நகரங்களில் இன்றும் நிற்கும் பள்ளிவாசல்களில் இதுவே மூத்தது. கட்டியவர்கள் ஒட்டகக்காரர்கள். பாலைவனத்தில் உழைத்து ஓய்ந்தவர்களில் பலர் கடைசிக் காலத்தில் இந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து தங்கியிருக்கிறார்கள். பேரன் அந்த 1889ஐத் தன் நோட்டில் எழுதினான். நான்காவது வரியை அடிக்கவில்லை. "இது ஒரு பள்ளிதானே" என்றான். பிடிவாதம் அவன் நன்னி வழியில் வந்தது.

ஒட்டகம் எப்படி அங்கே போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளைக்காரர்கள் அந்தக் கண்டத்தின் உள்ளே புகப் பார்த்தபோது குதிரையும் மாடும் தண்ணீரில்லாமல் செத்தன. 1860இல் பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் தெற்கிலிருந்து வடக்குக் கடல்வரை போகும் ஒரு பயணத்துக்காக, அன்றைய இந்தியாவின் வடமேற்கிலிருந்து 24 ஒட்டகங்களை மெல்போர்னுக்குக் கப்பலில் கொண்டுவந்தார்கள். ஒட்டகத்தோடு அதை ஓட்டத் தெரிந்த ஆட்களும் வந்தார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் தாமஸ் எல்டர் என்ற பெரும் பண்ணைக்காரர் கராச்சித் துறைமுகத்திலிருந்து நூற்று இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஆட்களையும் வரவழைத்தார். பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். 1930க்குள் இரண்டாயிரத்துக்குக் குறையாதவர்கள் வந்து போனதாகச் சொல்கிறார்கள். எல்லோரையும் ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். பலூச்சிகள், பஞ்சாபிகள், சிந்திகள், பட்டாணியர்கள், காஷ்மீரிகள் எல்லோரும் அந்த ஒரே பெயருக்குள் அடக்கம். வெளிநாட்டில் நம்மையெல்லாம் ஒரே பெயரில் கூப்பிடுவதை மலேயா போன வீட்டுக்காரர்கள் அறிவார்கள்.

நல்ல ஆண் ஒட்டகம் ஐந்நூறு, அறுநூறு கிலோ சுமக்கும். கண்டத்தின் குறுக்கே தெற்கிலிருந்து வடக்கே போட்ட தந்திக் கம்பி 1872இல் முடிந்தது. அதற்குச் சாமான் சுமந்தவை இந்த ஒட்டகங்கள். ரயில் பாதைக்குச் சாமான், தங்கச் சுரங்கத்துக்குத் தண்ணீர், பண்ணைகளுக்கு மாவும் சர்க்கரையும். திரும்பும்போது ஆட்டு ரோமம். ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குதிரைப் பெருமை சொல்லி வளர்ப்பது நம் வழக்கம். அந்தப் பெருமை பேச்சில்தான் இருக்கிறது. இவர்களுடையது தரையில் தடமாகவே கிடக்கிறது. ஒட்டகத் தடங்கள் பல இன்று வாகனப் பாதைகள்.

போர்ட் அகஸ்டா, ஹாக்கர், எல்டரின் ஒட்டகப் பண்ணை இருந்த பெல்டானா வழியாக மூன்றாம் நாள் ஃபாரினா சேர்ந்தோம். ஃபாரினா என்றால் லத்தீன் மொழியில் மாவு. கோதுமை விளையும் என்று நம்பி 1878இல் வைத்த பெயர். நான்கு மழையை நம்பி ஊரே கட்டிவிட்டார்கள். மழை நின்றது, கோதுமை பொய்த்தது. இப்போது கூரையில்லாத கல் சுவர்கள். ஊருக்குள் யாரும் குடியில்லை. ஆனால் குளிர்கால மாதங்களில் தொண்டர்கள் வந்து தங்கி, இடிந்த சுவர்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்கிறார்கள். பூமிக்கடியில் இருக்கும் பழைய ரொட்டி அடுப்பை மூட்டி ரொட்டி சுட்டு விற்று, அந்தக் காசில் அடுத்த சுவருக்குச் சுண்ணாம்பு வாங்குகிறார்கள். எங்கள் வீட்டு அம்மா என்ன எண்ணெய், என்ன நெய் என்று கேட்டு, மூன்று பேரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே வாங்க விட்டார். ரொட்டி நன்றாகவே இருந்தது.

அங்கேதான் கூடாரம் போட்டோம். இரவுக் குளிர் எலும்பைத் தொட்டது. மஃரிபுக்குக் கிப்லா பார்க்க மருமகன் செல்போனை எடுத்தார்; சிக்னல் இல்லை. நாம் கையைக் காட்டினோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அடிலெய்டு வட்டாரத்திலும் நம் ஊரிலும் கிப்லா கிட்டத்தட்ட ஒன்றுதான்: மேற்கு, சற்றே வடக்குச் சாய்ந்து. லுஹர் நிழல்தான் குழப்பிவிட்டது. அங்கே சூரியன் வடக்கே நிற்கிறது, நிழல் தெற்கே விழுகிறது.

மறுநாள் காலை கபரஸ்தான் பார்க்கப் போனோம். ஊருக்கு வெளியே ஒரு வேலி. அதற்குள் வெள்ளைக்காரர்களின் கல்லறைகள், பெயரும் ஆண்டும் வெட்டிய கற்களோடு. கொஞ்சம் தள்ளி, தனியாகச் சில மேடுகள். பேத்திதான் முதலில் கேட்டாள்: "நன்னா, அதெல்லாம் ஒரு பக்கமா இருக்கு. இது மட்டும் ஏன் குறுக்கே இருக்கு?" பக்கத்தில் போய்ப் பார்த்தோம். தலை வடக்கே, கால் தெற்கே, முகம் கிப்லாவுக்கு. நம் பள்ளிக்குப் பின்னால் எப்படியோ அப்படியே. கிப்லா ஒன்று என்பதால் கப்ரின் வாக்கும் ஒன்று. அங்கே யார் பெயரும் எங்களுக்குத் தெரியவில்லை. ஸலாம் சொன்னோம். எங்கள் வீட்டு அம்மா யாஸீன் ஓதினார். காற்று பலமாக இருந்ததால் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓதினார். ஓதி முடித்துவிட்டு, "இவங்களுக்கு யாராச்சும் இப்படி வந்து ஓதியிருப்பாங்களா?" என்று கேட்டார். பதில் யாரிடமும் இல்லை. பேரன் அங்கே எதுவும் எழுதவில்லை. வண்டியில் ஏறிய பிறகு நோட்டைத் திறந்து, நான்காவது வரியைக் கோடு போட்டு அடித்தான்.

அங்கிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டருக்குள் மர்ரி என்ற ஊர். ரயில் 1884இல் வந்தது. தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள். மறு பக்கம் ஒட்டகக்காரர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகளும். ஊருக்குள் தண்டவாளம் பிரித்ததை மையவாடியிலும் பிரித்தே வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் மண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு சிறிய பள்ளி. முன்னால் வுளூ செய்ய ஒரு சிறு தடாகம். இப்போது நிற்பது அசல் கட்டிடமல்ல. பழையது அழிந்த பிறகு அதே அமைப்பில் எழுப்பிய மாதிரி. ஊரில் இன்னும் பேரீச்சை மரங்கள் நிற்கின்றன.

இந்த மர்ரியில் வாழ்ந்தவர் பெஜா தர்வேஷ். பலூச்சிக்காரர். 1896இல் கால்வர்ட் பெயரில் நடந்த ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களுக்குப் பொறுப்பாளர். அந்தப் பயணத்தில் வழி பிரிந்து போன இருவர் தாகத்தால் மாண்டனர். பெஜா ஒட்டகங்களையும் எஞ்சியவர்களையும் கரை சேர்த்தார். தலைவராக இருந்த லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பெஜா 1957 வரை வாழ்ந்தார்.

ஒருவருக்குத் திசைகாட்டி கிடைத்தது. மற்றவர்களுக்குக் கிடைத்தது சட்டம். 1901இல் வந்த குடியேற்றச் சட்டப்படி, நாட்டுக்குள் நுழைபவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களை வாசித்து எழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். வேண்டாதவர் தேறவே முடியாது. 1903இல் ஆசியாவில் பிறந்தவருக்குக் குடியுரிமையும் மூடப்பட்டது. முப்பது ஆண்டு உழைத்தவர் ஊருக்குப் போய்த் தாயைப் பார்த்துவிட்டுத் திரும்ப, விலக்குச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் மனைவியை அழைத்துவர முடியாதவர்கள். பலர் பூர்வகுடிப் பெண்களையோ வெள்ளைக்காரப் பெண்களையோ மணந்தார்கள். அவர்கள் சந்ததி இன்றும் அந்த வட்டாரத்தில் இருக்கிறது. பிறகு லாரி வந்தது. 1925இல் தெற்கு ஆஸ்திரேலிய மாகாணம் ஒட்டகங்களைச் சுட்டுக் கொல்ல அனுமதிக்கும் ஒரு சட்டம் போட்டது. பலர் தம் ஒட்டகங்களைச் சுட மனமில்லாமல் பாலைவனத்தில் அவிழ்த்து விட்டார்கள். அவற்றின் குட்டிகளின் குட்டிகள்தான் இன்று அங்கே காட்டு ஒட்டகங்களாகத் திரிகின்றன.

மர்ரியிலிருந்து தெற்கே திரும்பி, பீட்டர்பரோ என்ற ரயில் நகரத்தில் ஓர் இரவு தங்கினோம். அங்கே பழைய ரயில் பணிமனையே அருங்காட்சியகம். பேரனை எஞ்சினிலிருந்து இறக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மறுநாள் கிழக்கே ப்ரோக்கன் ஹில். வெள்ளி, ஈயம், துத்தநாகம் தோண்டும் ஊர். நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தின் மேற்கு ஓரம்.

நாம் இவ்வளவு தூரம் வந்ததே இந்த ஊருக்காகத்தான். ஊரின் வடக்குப் பகுதியில், முன்பு ஒட்டக முகாம் இருந்த இடத்தில் ஒரு தகரப் பள்ளிவாசல். 1887க்கும் 1891க்கும் இடையில் கட்டியது. சுவரும் தகரம், கூரையும் தகரம். நம் ஊரில் ரேஷன் கடைகூட இதைவிடப் பெரிது. வெளியே கால் கழுவும் வாய்க்கால். உள்ளே நுழைவறை, அதற்கப்பால் தொழுகை அறை. மேற்குச் சுவரில் சிறிய மிஹ்ராப். ஒட்டகத் தொழில் ஓய்ந்து, தொழுபவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகி, பள்ளி பாழடைந்து கிடந்தது. இடித்துத் தள்ளியிருந்தால் கேட்க ஆளில்லை. அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தினர் அதைப் பொறுப்பெடுத்துச் சீரமைத்து, 1968இல் திறந்துவைத்தார்கள். அவர்களில் முஸ்லிம்கள் இல்லை. நாங்கள் போன அன்று கதவு திறந்த பெரியவர் எங்களைப் பார்த்ததும், செருப்பை இங்கே கழற்றிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், எங்கள் வீட்டு அம்மா ஏற்கெனவே கழற்றிவிட்டதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். இரண்டு ரக்அத் தொழ அனுமதி கேட்டோம். அதற்காகத்தானே இது என்று சொல்லி, வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது அந்தக் கிதாபு. 1960களில் வரலாற்றுச் சங்கத்தினர் அந்தப் பள்ளியைச் சுத்தம் செய்தபோது ஒரு பெரிய புத்தகம் கிடைத்தது. தடித்தது, பழையது, எழுத்து புரியவில்லை, பள்ளிவாசலில் கிடைத்தது. குர்ஆன் என்று எழுதி மரியாதையோடு வைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். குர்ஆன் என்று நினைத்ததால்தான் பத்திரமாக வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. பிறகு சமியா காத்தூன் என்ற வரலாற்று ஆய்வாளர், வங்காள முஸ்லிம் குடும்பத்துப் பெண், சிட்னியில் வளர்ந்தவர், அந்தப் புத்தகத்தைத் திறந்தார். அது அரபியே அல்ல. வங்காளம். அவர் தாய்மொழி. 1895இல் கல்கத்தாவில் அச்சானது, ஐந்நூறு பக்கம், முழுதும் செய்யுள். பெயர், கஸஸுல் அன்பியா.

பெரியவர்கள் தலையாட்டுகிறீர்கள். ஆம், நம் வீடுகளில் இருந்த அதே பெயர்தான், நபிமார்களின் சரித்திரம். வங்காள முஸ்லிம்களும் அதைத் தம் மொழியில் பாட்டாகக் கட்டி, ஒருவர் இராகம்போட்டு வாசிக்கப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நம்மவர்கள் கிஸ்ஸாவும் மஸ்அலாவும் முனாஜாத்தும் பாடியது போலத்தான். அத்தகைய வங்காளக் கிதாபுகள் பல, அரபுக் கிதாபு போல வலப்பக்கமிருந்து திறக்கும்படி அச்சிடப்பட்டவை. அறியாதவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். சமியா காத்தூன் இதை வைத்தே ஒரு நூல் எழுதினார். 'ஆஸ்திரேலியாநாமா', 2018இல் வெளிவந்தது. பட்டாணியர், பலூச்சியர் மட்டுமல்ல, வங்காளிகளும் அந்தப் பாலைவனத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு கிதாபு சாட்சியாகிவிட்டது. குர்ஆன் என்ற எழுத்தோடு வைத்திருந்தவரை அந்தச் சாட்சி வாய் திறக்கவில்லை.

பெரியவர் இதைச் சொல்லி முடித்ததும் பேரன் கேட்டான்: "அவ்வளவு வருஷமா யாருமே அதைத் திறந்து பார்க்கலையா?" பெரியவர் சொன்னார், "திறந்து பார்த்தோம் மகனே. படிக்கத் தெரிந்தவர்கள் வரவில்லை."

அந்த ஊரில் இன்னொன்றும் பார்த்தோம். அதை மறைத்துவிட்டுப் பள்ளிவாசல் கதையை மட்டும் சொன்னால் நேர்மையாகாது. 1915 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு விடுமுறை. சில்வர்ட்டன் என்ற பக்கத்து ஊருக்கு உல்லாசப் பயணமாகச் சுமார் 1200 பேர், குழந்தை குட்டிகளோடு, தாது ஏற்றும் திறந்த வண்டிகளில் ரயிலில் போகிறார்கள். உலகப் போர் நடக்கிறது. துருக்கி எதிரணியில் இருக்கிறது. அந்த ஊர் ஒட்டக முகாமைச் சேர்ந்த இருவர், முல்லா அப்துல்லாஹ் என்ற முதியவரும் குல் முஹம்மது என்ற ஐஸ்கிரீம் வியாபாரியும், ஐஸ்கிரீம் வண்டியில் துருக்கிக் கொடியைக் கட்டிக்கொண்டு போய், ரயிலை நோக்கிச் சுட்டார்கள். நான்கு பேர் உயிரிழந்தார்கள், ஏழு பேர் காயமடைந்தார்கள். பாறைகளுக்கிடையே நடந்த மோதலில் அந்த இருவரும் முடிந்தார்கள். அன்றிரவு ஒரு கூட்டம் ஜெர்மன் சங்கக் கட்டிடத்தைக் கொளுத்திவிட்டு ஒட்டக முகாமை நோக்கிப் போனது. போலீசும் படையினரும் தடுத்துவிட்டார்கள்.

அந்தப் பாறைகள் இன்று நினைவிடம். அங்கே நின்று பேரன் மெதுவாகக் கேட்டான், "அவங்க நம்ம ஆளுங்களா நன்னா?" நாம் சற்றுத் தயங்கினோம், ஒப்புக்கொள்கிறோம். முல்லா அப்துல்லாஹ் ஆடு அறுத்ததற்காக அபராதம் விதிக்கப்பட்டவர், தெருப் பிள்ளைகள் கல்லெறிந்து கேலி செய்தார்கள் என்றெல்லாம் படித்திருந்தோம். அதைச் சொல்லத் தோன்றியது. மகள் முந்திக்கொண்டாள். "ஆமாப்பா, முஸ்லிம்தான். செஞ்சது கொலை. ரயில்ல இருந்தவங்க யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவங்க." அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். அதற்கு மேல் சொல்லியிருந்தால் நாம் சாக்குச் சொன்னதாகத்தான் அவன் மனதில் பதிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ரயிலில் போன குடும்பங்களின் ஊர்தான், ஐம்பத்துமூன்று ஆண்டு கழித்து அந்தத் தகரப் பள்ளியைச் சீரமைத்தது.

கடைசியாக, ப்ரோக்கன் ஹில்லிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் மெனிண்டி என்ற ஊர் அருகே தோஸ்த் முஹம்மதுவின் கப்ரைப் பார்த்தோம். 1860இல் வந்த அந்த முதல் பயணத்து ஒட்டகக்காரர்களில் ஒருவர். பின்னாளில் ஒட்டகத்தாலேயே ஒரு கை போனது. ஊருக்குத் திரும்பவேயில்லை. சாலையோரம் தனியாக ஒரு கப்ர். இவருக்காவது பெயர் தெரிந்தது என்று எங்கள் வீட்டு அம்மா ஆறுதல்பட்டார்.

விமானத்தில் திரும்பி வரும்போது தூக்கம் வரவில்லை. பயணக் களைப்பல்ல. இதை இந்தச் சபையில் சொல்லத்தான் வேண்டும். நம் பழைய பள்ளிவாசலை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மச்சில் இரண்டு சாக்கு நிறையப் பழைய கிதாபுகள் இருந்தன. கரையான் பாதி தின்றது. அரபு எழுத்து, அதனால் குர்ஆன் ஏடுகளாகத்தான் இருக்கும், காலில் மிதிபடக் கூடாது என்று சொல்லி, கபரஸ்தானில் இருந்த பாழுங்கிணற்றில் கண்ணியமாக இறக்கிவிடத் தீர்மானம் போட்டோம். தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் நாமும் ஒருவர். மற்றவர்களுக்குத் தெரியாது என்று சொல்லலாம். நாம் மதரஸாவில் ஓதியவர். அந்தச் சாக்கிலிருந்து இரண்டைத் திறந்தும் பார்த்தோம். பிஸ்மில்லாஹ்வுக்குக் கீழே, அரபு எழுத்தில் தமிழ். அரபுத் தமிழ். நம் பாட்டிமார்கள் எழுதப் படிக்கக் கற்ற எழுத்து. அதில் ஒன்று ஏதோ கணக்கு. பெயர்களும் ரூபாயும் அணாவும். ரங்கூன் என்ற சொல் கண்ணில் பட்டது இன்னும் நினைவிருக்கிறது. மேஸ்திரி கீழே காத்துக்கொண்டிருந்தார். மூடி வைத்துவிட்டோம். சாக்கு இறங்கியது.

யார் ரங்கூனிலிருந்து யாருக்கு எவ்வளவு அனுப்பினார், அந்தப் பணத்தில் எந்தச் சுவர் எழும்பியது, யார் திரும்பி வரவில்லை, எதுவும் இப்போது தெரியாது. ப்ரோக்கன் ஹில்லில் படிக்கத் தெரியாதவர்கள் காப்பாற்றி வைத்தார்கள். இங்கே படிக்கத் தெரிந்தவர் கிணற்றில் இறக்கினார்.

ஆகவே நிர்வாகக் குழுவின் சம்மதத்தோடு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மச்சிலும், அலமாரியின் மேல்தட்டிலும், துணியில் சுற்றி வைத்த கிதாபுகள், நோட்டுகள், பழைய நிக்காஹ் ஒப்பந்தங்கள், மலேயா, பர்மாவிலிருந்து வந்த கடிதங்கள் இருந்தால், தயவுசெய்து கிணற்றிலோ ஆற்றிலோ போட வேண்டாம். வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார்கள். உங்கள் எதிரிலேயே எடுத்து, அப்போதே உங்கள் கையில் திருப்பித் தருவோம். யாருடைய சொத்தையும் அறக்கட்டளை வாங்காது, விற்காது. உண்மையிலேயே குர்ஆன் ஏடாக இருந்து கெட்டுப்போயிருந்தால், மார்க்க முறைப்படி என்ன செய்ய வேண்டுமோ அதை இமாம் ஹஜ்ரத் கவனித்துக்கொள்வார். அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஜமாஅத்தில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தோம். ஐந்து பேர். நால்வருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. மக்தபில் பெரிய பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க இருவர் இசைந்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அவசியம் அனுப்புங்கள். அது அவர்கள் பாட்டிமார் எழுத்து.

முதல் பொட்டலம் எங்கள் வீட்டிலிருந்தே வருகிறது. எங்கள் வீட்டு அம்மாவின் நன்னி வைத்திருந்தது, பச்சைத் துணியில் சுற்றியது. நாற்பது ஆண்டாக அதைக் குர்ஆன் என்று சொல்லி, வுளூ இல்லாமல் யாரையும் தொட விட்டதில்லை. ஊர் திரும்பிய மறுநாள் அவிழ்த்துப் படித்துக் காட்டினோம். முதல் பக்கத்தில் பிஸ்மில்லாஹ். அதற்குக் கீழே, பிள்ளை பெற்றவளுக்கு ஏழாம் நாள் கொடுக்கும் காயத்துக்கு என்னென்ன சரக்கு, எவ்வளவு எடை என்று வரிசையாக எழுதியிருக்கிறது: சுக்கு, திப்பிலி, கருஞ்சீரகம். நான்காவது சரக்கின் பெயரைக் கரையான் தின்றிருக்கிறது. வயதான தாய்மார்கள் யாருக்காவது தெரிந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.

வஸ்ஸலாம்.